புறாமலைக் கடலும் கமராவின் கண்ணும்

திருகோணமலைக்குச் செல்வோர் கோணேசப் பெருமானைத் தரிசிக்கின்றனர். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடுகின்றனர். உலகம் புகழும் இயற்கைத் துறைமுகத்தைக் கண்குளிரக் காண்கின்றனர். கடற்கரை மணலிற் சிறிது நேரம் உலாவிவிட்டு ஊர் திரும்புகின்றனர். ஆயின் அம்மாவட்டத்தின் அழகிற் பாதி நீருக்குக் கீழே இருக்கின்றது. அதனைக் கண்டவர் நம்முட் சிலரே. கண்டதைப் படமாக்கிக் கொணர்ந்து மற்றவர்க்குக் காட்ட வல்லாரோ அவரினுஞ் சிலர். அக்கலையின் நுட்பமெல்லாம் கமராவின் கண்ணாகிய வில்லையிலே அடங்கியுள்ளது. எந்த வில்லையைத் தெரிவு செய்வது, எதற்காகத் தெரிவு செய்வது என்பதை, நாம் கண்ட ஒரு கடலை முன்வைத்து இங்கே கூற விரும்புகின்றோம்.

புறாக்களின் தீவு

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே குச்சவெளி செல்லும் வீதியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்தில் இருப்பது நிலாவெளி. பெயருக்கேற்றபடி நிலவைப் பொடி செய்து பரப்பினாற் போன்ற வெண்மணற் கரை. அக்கரையிலிருந்து நோக்கினால், சுமார் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால், கரும்பாறையும் குறுமரங்களுமாக இரண்டு சிறு தீவுகள் தோன்றும். அவையே புறாமலை. பாறை இடுக்குகளிற் கூடு கட்டி வாழும் மாடப்புறாக்களால் வந்த பெயர் இது. 1963ஆம் ஆண்டிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், 2003ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தினரிடம் அநுமதிச் சீட்டுப் பெற்று, நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் ஏறிச் செல்லலாம்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும் வைகாசி முதல் புரட்டாதி வரையிலான மாதங்களே இங்கு செல்வதற்கு உகந்த காலம். அப்பொழுது கிழக்குக் கடல் குளம் போல் அடங்கிக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் நீர் கலங்கும், அலை உயரும், கமராவுக்கு அங்கே வேலை இல்லை.

சென்ற ஆடி மாத விடுமுறையில் நாமும், எம்முடன் கற்பிக்கும் பௌதிக ஆசிரியர் ஒருவரும் அங்கே சென்றோம். எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது திருகோணமலையிற் சுழியோடியாகத் தொழில் செய்து வருகின்றார். நீருக்கடியிற் படம் பிடிப்பதில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. அவரே எமக்கு வழிகாட்டி.

கண்ணாடியை முகத்தில் அணிந்து, சுவாசக் குழாயை வாயிற் கௌவி, நீர்மட்டத்திற் குப்புற மிதந்தபடி கீழே நோக்கினோம். மான்கொம்பு போலக் கிளைத்தெழுந்த முருகைக் கற்கள் ஒரு புறம். மூளையின் மடிப்புக்கள் போன்ற கோலங்களைத் தாங்கிய உருண்டை முருகைகள் மற்றொரு புறம். அவற்றினிடையே மஞ்சளும் கறுப்புமான வண்ணாத்தி மீன்கள் இணையிணையாய்த் திரிந்தன. கிளிமீன்கள் தம் அலகு போன்ற வாயினால் முருகைக்கல்லைக் கொறிக்கும் ஒலி காதிலே தெளிவாகக் கேட்டது. பொந்தொன்றிலிருந்து அஞ்சாலை ஒன்று தலையை நீட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இத்தனையும் இரண்டு மூன்று மீற்றர் ஆழத்திலே, ஆளொருவர் நின்றால் எட்டிவிடக்கூடிய நீரிலே காணக் கிடைத்தன.

முன்னோடிகள் சிலர்

இந்தக் கடலுக்கும் நீரடிப் புகைப்படக் கலைக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. 1956ஆம் ஆண்டில் இலங்கையிற் குடியேறிய ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும், அவர் தோழர் மைக் வில்சனும், இந்நாட்டுச் சுழியோடி றொட்னி ஜொங்க்ளாஸும் நம் கடல்களைக் கமராவுடன் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர்கள். கோணேசர் ஆலயம் எழுந்து நிற்கும் சுவாமிமலையின் அடியிலே, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கடலிலே தள்ளிய பழைய ஆலயத்தின் தூண்களும் செதுக்கற் கற்களும் கிடப்பதை வில்சன் கண்டார். அவ்வாராய்ச்சியைப் பற்றிய கிளார்க்கின் நூல் 1957இல் வெளிவந்தது. 1962இல் வில்சன் நெறிப்படுத்திய 'ரன் முத்து தூவ' என்னும் சிங்களத் திரைப்படத்தின் வாயிலாக, இலங்கை மக்கள் தம் கடலின் அடிப்பரப்பை வர்ணத்திலே திரையிற் கண்டனர். பிற்காலத்தில் வில்சன் துறவு பூண்டு, சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் கதிர்காமக் கந்தனின் அடியவராய் வாழ்ந்தார் என்பது நம் வாசகர் பலர் அறியாத செய்தி.

உலக அரங்கிலே இக்கலை இன்னும் பழையது. 1893இல் பிரான்சு தேசத்து உயிரியலறிஞர் லூயி பூத்தான் மத்தியதரைக் கடலிலே நீருக்கடியிற் படமெடுத்தார். கடலாராய்ச்சியாளர் குஸ்தோவுக்காகப் பெல்ஜிய நாட்டவரான த வூற்றர்ஸ் அமைத்த 'கலிப்சோ' என்னும் கமரா, பெட்டி எதுவுமின்றித் தானே நீரைத் தாங்கவல்லது. அதனை நிக்கொன் நிறுவனத்தார் ஏற்று 1963 முதல் 'நிக்கொனொஸ்' என்ற பெயரில் வெளியிட்டனர். அக்கமராவுக்கு 28 மில்லிமீற்றர் வில்லையொன்று உண்டு. அதனை நீருக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். தரையிலே அதனால் தெளிவான படம் எடுக்க முடியாது. நீருக்கென்று தனியே ஒரு கண் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று எது? நிக்கொனொஸ் உற்பத்தி 2001இல் நின்றுவிட்டது. இன்று பெரும்பாலோர் சாதாரண இலக்கமுறைக் கமராவை நீர்புகாப் பெட்டிக்குள் அடைத்தே கடலில் இறங்குகின்றனர். கருவி மாறிவிட்டது, நீரின் இயல்பு மாறவில்லை.

நீர் செய்யும் மாயம்

எம் பௌதிக ஆசிரிய நண்பர் வள்ளத்திலிருந்தபடியே எமக்குப் பாடம் நடத்தினார். அதன் சாரத்தை மாணவர் நலன் கருதி இங்கே தருகின்றோம்.

வெறுங் கண்ணுடன் நீருக்குட் பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதேன்? நம் கண்ணில் ஒளியை வளைக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது அதன் முன்புறத்து வளைந்த தெளிபடலமே. காற்றிலிருந்து கண்ணுக்குள் ஒளி புகும்போதுதான் அப்படலம் அவ்வேலையைச் செய்யும். நீரின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.33. அது கண்படலத்தின் சுட்டிக்கு மிக அண்மையானது. ஆகவே நீருக்குள் அப்படலம் வலுவிழந்துவிடுகின்றது. முகக் கண்ணாடி அணிந்தால் கண்ணுக்கு முன் மீண்டும் காற்று வருகின்றது, பார்வை தெளிகின்றது. ஆனால் அதற்கொரு விலை உண்டு. தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது மீன் தன் உண்மைத் தூரத்தின் முக்காற் பங்கிலே நிற்பதாகத் தோன்றும். மூன்றிலொரு பங்கு பெரிதாகவுந் தெரியும். கடலிற் கண்ட மீனைக் கரையிலே கைவிரித்துக் காட்டும்போது அது வளர்ந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்!

கமராவுக்கும் இதே கதிதான். தட்டையான முகப்புக் கண்ணாடி பொருத்திய பெட்டிக்குள் 35 மில்லிமீற்றர் வில்லையை வைத்தால், அது தரையிலே 47 மில்லிமீற்றர் வில்லை பார்க்கும் அளவையே பார்க்கும். அகலக் கோண வில்லையின் அகலம் இவ்வாறு வீணாகின்றது. தட்டைக் கண்ணாடிக்குப் பின்னே எத்துணை அகலமான வில்லையை வைத்தாலும் நீருக்குள் ஏறத்தாழ 97 பாகைக்கு மேல் அதனாற் பார்க்கவே முடியாது. அவ்வெல்லைக்கு நெருங்கும்போதே படத்தின் ஓரங்கள் வளைந்து, நிறங்கள் பிரிந்து, தெளிவு கெட்டுப்போகும்.

இதற்கு மாற்று, குமிழ் வடிவான முகப்புக் கண்ணாடி. அதன் மையத்திலே வில்லை அமைந்தால், ஒளிக்கதிர்கள் கண்ணாடியை நேராகச் சந்தித்து வளையாமல் உட்புகும். வில்லையின் முழு அகலமும் மீளும். ஆயின் இங்கும் ஒரு வேடிக்கை உண்டு. குமிழ்க் கண்ணாடியும் அதன் முன்னுள்ள நீரும் சேர்ந்து தாமே ஒரு வில்லையாகிவிடுகின்றன. குமிழின் ஆரை 10 சென்ரிமீற்றராயின், கண்ணுக்கெட்டிய தூரத்திலுள்ள பொருளின் மாய விம்பமும் குமிழுக்கு முன்னால் வெறும் 30 சென்ரிமீற்றரிலே அமையும். கமரா குவிவது அந்த மாய விம்பத்தின் மீதுதான். ஆகையால் குமிழுக்குப் பின்னே வைக்கும் வில்லை மிக அண்மையிலே குவியக்கூடியதாய் இருத்தல் வேண்டும். தரையில் மலைகளையும் கோபுரங்களையும் அழகாகப் பிடிக்கும் வில்லை, அண்மையிற் குவியாதெனின் கடலில் உதவாது.

நீரின் மற்றொரு குணம் நிறத்தைத் திருடுவது. சூரிய ஒளியின் சிவப்பை அது முதலில் விழுங்கும். 5 மீற்றர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி மறைந்துவிடும். பின்னர் செம்மஞ்சள், பின்னர் மஞ்சள் என்று ஒவ்வொன்றாய் மங்கி, இறுதியில் நீலமே எஞ்சும். ஆழம் மட்டும் இங்கே கணக்காகாது. 3 மீற்றர் ஆழத்திற் கிடக்கும் முருகையை 3 மீற்றர் தள்ளி நின்று எடுத்தால், ஒளி கடந்த நீர் 6 மீற்றர். அத்துடன் நீரில் எப்போதும் நுண்துகள்கள் மிதக்கின்றன. கமராவின் மின்னொளி விளக்கு அவற்றின் மீது பட்டால், நுவரெலியா மூடுபனியில் வாகனத்தின் விளக்கைப் போட்டாற்போல, துகள்களே ஒளிர்ந்து படத்தைப் பாழாக்கும். விளக்குகளைக் கமராவிலிருந்து நீண்ட கைகளிலே தள்ளிப் பொருத்துவது இதனாலேயே.

ஆகவே நீரடிப் படத்தின் முதல் விதி ஒன்றே: கமராவுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள நீரைக் குறைக்க வேண்டும். ஒரு மீற்றருக்குள் வந்தால் நன்று. அதனினும் நெருங்கினால் மிக நன்று. தூரத்திலுள்ளதை இழுத்துக் காட்டும் தொலைவில்லை இடையிலுள்ள நீரையும் சேர்த்தே இழுத்து வரும். வயலிலுள்ள கொக்கைப் பிடிப்பதற்கு உதவும் அது, கடலிலே பயனற்றது.

பெரிதா, சிறிதா?

இந்த விதியை அறிந்தபின் தெரிவு இரண்டே வகைப்படும். பெரிய பொருளைக் கிட்ட நின்று முழுமையாகப் பிடிக்க வேண்டுமாயின் மிக அகலமான கோண வில்லை வேண்டும். சிறிய பொருளைக் கிட்ட நின்று பெரிதாகக் காட்ட வேண்டுமாயின் அண்மைப்பட வில்லை வேண்டும். இடைப்பட்ட வில்லைகளுக்குக் கடலில் வேலை குறைவு.

கரையிலே எம் பழைய மாணவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எம்மைப் பார்த்தார்.

"சேர், இண்டைக்குத் தண்ணி நல்ல தெளிவு. பெரிசு எடுப்பமா, சின்னது எடுப்பமா? ஒண்டைச் சொல்லுங்கோ. இறங்கினாப் பிறகு மாத்தேலாது."

"சுறா வருமா தம்பி?" என்றார் பௌதிக ஆசிரியர்.

"வரும் எண்டும் சொல்லேலாது, வராது எண்டும் சொல்லேலாது சேர்."

பெட்டியைக் கடலிலே திறக்க முடியாது. அதன் விளிம்பிலுள்ள இறப்பர் வளையத்தில் ஒரு மணற் பருக்கையோ ஒரு தலைமயிரோ ஒட்டியிருந்தாலும் நீர் உட்புகுந்து எல்லாம் நாசமாகும். அதனால் சுழியோடிகள் வீட்டிலோ கரையிலோ, உலர்ந்த கையுடன், நல்ல வெளிச்சத்தில் வில்லையைப் பொருத்தி மூடிவிடுவர். எதைக் காணப் போகின்றோம் என்பதைக் காண்பதற்கு முன்னரே தீர்மானிக்க வேண்டிய கலை இது.

முதல் முறை அகலக் கோணத்தையே தெரிவு செய்தோம். அவர் பொருத்தியது 15 மில்லிமீற்றர் மீன்கண் வில்லை. மூலைக்கு மூலை 180 பாகையையும் தன்னுள் அடக்கவல்லது. 'மீன்கண்' என்ற பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, அடிவானம் முதல் அடிவானம் வரையுள்ள முழு வானமும் முறிவின் காரணமாக 97 பாகை அகலமான ஒரு வட்டத்துள் சுருங்கித் தெரியும். அதனை ஆராய்ந்த அமெரிக்கப் பௌதிகவியலறிஞர் றொபேட் வூட், 1906இல் நீர் நிரப்பிய பாத்திரத்துள் ஒரு கமராவை அமைத்து அத்தகைய படங்களை எடுத்துக் காட்டினார். மீனின் பார்வையைப் பார்த்துப் பெயர் பெற்ற வில்லை இன்று மீனின் வீட்டிற்கே திரும்பி வந்திருக்கின்றது. மீன்கண் வில்லை நேர்கோடுகளை வளைத்துவிடும். கட்டிடங்களைப் படமெடுக்கும்போது அது குறை. கடலிலே நேர்கோடு ஏது? முருகையும் மீனும் அலையும் வளைந்தே இருப்பதால் அக்குறை கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

அவர் மான்கொம்பு முருகையின் ஓரமாக ஒரு முழத்துக்குள் சென்று, உடலைச் சமன் செய்து, எதனையும் தொடாமல் மிதந்தபடி கமராவை மேல்நோக்கிப் பிடித்தார். முன்னே முருகை, பின்னே மீன் கூட்டம், அதற்கு மேலே வெள்ளியாய் மின்னும் நீர்மட்டம், அதனூடே சூரியன்: யாவும் ஒரே படத்தில் அமைந்தன. அவ்வேளை கடற்சாமந்தி ஒன்றின் இழைகளிடையே விரல் நுனியளவான கோமாளி மீன் குஞ்சுகள் ஒளித்து விளையாடுவதை நாம் சுட்டிக் காட்டினோம். அவர் கமராவைக் காட்டிக் கைவிரித்தார். மீன்கண் வில்லையில் அக்குஞ்சு ஒரு புள்ளியாகவே விழும்.

கரைக்கு மீண்டு, கையைத் துடைத்து, 60 மில்லிமீற்றர் அண்மைப்பட வில்லையைத் தட்டைக் கண்ணாடியுடன் பொருத்தினார். இங்கே தட்டைக் கண்ணாடியின் பெருப்பிக்கும் குணமே நன்மையாகின்றது. முழுச்சட்டக் கமராவில் இத்தகைய வில்லை உயிரைத் தன் உருவளவிலேயே பதிக்கும். 36 மில்லிமீற்றர் நீளமான உயிர் சட்டம் முழுவதையும் நிறைத்துவிடும். 60 மில்லிமீற்றருக்குப் பதிலாக 100 மில்லிமீற்றர் வில்லையைச் சிலர் விரும்புவர். அது சற்றுத் தள்ளி நின்றே அதே அளவு படத்தைத் தரும். கூச்சமுள்ள மீன்கள் வெருளா. ஆனால் இடையிலுள்ள நீர் கூடுதலாதலால் கலங்கிய நாளில் 60 மில்லிமீற்றரே கைகொடுக்கும். இவ்வளவு நெருக்கத்திற் கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீற்றர் மட்டுமே. எனவே துவாரத்தைச் சிறிதாக்கி, மின்னொளி விளக்கைப் பயன்படுத்தி, உயிரின் கண்ணிலே குவிக்க வேண்டும்.

அவர் கடற்சாமந்தியின் முன்னே அசையாமற் கிடந்தார். நாம் மேலே மிதந்துகொண்டிருந்தோம். அப்பொழுதுதான் அது வந்தது. ஆளின் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த கருஞ்செட்டைச் சுறா ஒன்று, முதுகுச் செட்டையின் கறுப்பு நுனி தெளிவாகத் தெரிய, எவரையும் பொருட்படுத்தாமல் அவருக்கு மூன்று பாக தூரத்தில் மெல்ல வளைந்து சென்றது. அவர் கையிலே இருந்ததோ விரல் நகத்தைப் படமெடுக்கும் வில்லை! அவர் கமராவைத் தாழ்த்தினார். சுறா நீலத்தில் மறையும்வரை கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவர் முகத்திலே ஏமாற்றம் இல்லை.

"இது இப்பிடித்தான் சேர். பெரிய லென்ஸ் போட்டா சின்னது வரும், சின்ன லென்ஸ் போட்டா பெரிசு வரும். அதுக்காண்டி பாக்காமல் விடுறதே?" என்றார்.

கோணேசர் தூணும் மூழ்கிய கப்பலும்

எத்துணை அகலமான வில்லையானாலும் நீரை வெல்ல முடியாது என்பதற்குக் கிழக்குக் கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களாற் குண்டு வீசி மூழ்கடிக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே கிடக்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 180 மீற்றர். மிகத் தெளிந்த நீரிலும் சில பத்து மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆகவே அக்கப்பலின் முழு உருவையும் ஒரே படத்தில் அடக்கவல்ல வில்லை உலகில் இல்லை. சுழியோடிகள் அதன் பீரங்கியை ஒரு படத்திலும், சுழல் விசிறியை வேறொரு படத்திலும் எடுத்து வருகின்றனர். முழுக் கப்பலையும் நாம் மனத்திலேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

சுவாமிமலையின் அடியிற் கிடக்கும் ஆலயத் தூண்களின் நிலையும் இதுவே. பாசி மூடிய தூணொன்றை அகலக் கோணத்திலே கிட்ட நின்று எடுத்தால், தூணும் அதனைச் சூழ்ந்த பாறைகளும் தெரியும். அது எங்கே, எவ்வாறு கிடக்கின்றது என்பதை அறியலாம். தூணின் செதுக்கலை மட்டும் அண்மைப்பட வில்லையால் எடுத்தால், சிற்பியின் உளி சென்ற தடத்தை அறியலாம். ஒன்று இடத்தைச் சொல்லும். மற்றது கைவண்ணத்தைச் சொல்லும். வரலாற்று மாணவனுக்கு இரண்டும் வேண்டும்.

படமே சாட்சி

அன்று மாலை எம் மாணவர் தம் கணினியிலே இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினார். இரண்டும் ஒரே முருகைக் கல். சில ஆண்டுகள் இடைவெளியில் எடுத்தவை. முதற்படத்திலே கிளைகள் நெருங்கி, நுனிகள் நீலம் பாரித்து, உயிர்த்துடிப்புடன் நின்றன. இரண்டாவதிலே பாதிக் கிளைகள் முறிந்து, பாசி படர்ந்து, சாம்பல் நிறமாய்க் கிடந்தன. பார்க்க வந்தோரின் பாதங்கள் செய்த வேலை என்றார் அவர். முருகை என்பது கல்லன்று. கல்லைக் கட்டி அதனுள் வாழும் நுண்ணுயிர்களின் ஊர். ஒரு பாதம் மிதித்து முறித்ததை அவை மீளக் கட்டுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

இரு படங்களிலும் வில்லை ஒன்றே, தூரம் ஒன்றே, கோணம் ஒன்றே. பக்கத்துப் பாறையின் வெடிப்பு இரண்டிலும் அதே இடத்தில் இருந்தது. அருகே சிறு அளவுகோலொன்றும் தெரிந்தது. அதனாலேயே அவை சாட்சியாகின்றன. முதற்படத்தை மீன்கண் வில்லையாலும் இரண்டாவதை வேறொரு வில்லையாலும் எடுத்திருந்தால் ஒப்பிடுதல் இயலாது. அகலக் கோண வில்லை கிட்டே உள்ளதைப் பூதாகாரமாய்க் காட்டும். ஒரு முழம் அகலமான முருகையைப் பெருங் காடாக்கிவிடும். அழகுக்கு அது நன்று; கணக்கெடுப்புக்கு ஆகாது. எந்த வில்லை என்பதையும், எவ்வளவு தூரம் என்பதையும் குறித்து வையாத படம் காலப்போக்கில் வெறும் அலங்காரமாகிவிடும்.

1998இல் கடல் வெப்பம் மிகுந்தபோது, முருகைகள் தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளிறின. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் பெரும் பரப்பு அழிந்தது. திருகோணமலைக் கரை அப்போது பெரிதும் தப்பியது. வெப்பம் அதன்பின்னும் உயர்ந்தே வருகின்றது. நங்கூரங்களும் வலைகளும் மிதிக்கும் கால்களும் வேறு. இன்று புறாமலையில் எடுக்கும் ஒவ்வொரு நேர்மையான படமும், நாளை நம் பேரப்பிள்ளைகள் 'இங்கே என்ன இருந்தது?' என்று கேட்கும்போது சொல்லும் விடையாகும்.

மாணவர்க்குச் சில வார்த்தைகள்

இவற்றையெல்லாம் படிக்கும் மாணவர், 'பெருஞ் செல்வர்க்கே உரிய கலை போலும்' என்று மனந்தளர வேண்டா. சிறிய நீர்புகாக் கமராக்களும், பெட்டியிலடைத்த கைத்தொலைபேசிகளும் ஆழங்குறைந்த நீரிலே நல்ல படம் தருகின்றன. அவற்றின் வில்லை இயல்பாகவே அகலமானது, வெயில் ஏறிய காலை வேளையில், இரண்டு மீற்றருக்குட்பட்ட ஆழத்தில், சூரியனை முதுகுப்புறம் வைத்து, கைக்கெட்டும் தூரத்திலிருந்து எடுத்தாற் போதும், விளக்கே வேண்டியதில்லை. தட்டைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீருக்குள்ளேயே பொருத்தவும் கழற்றவும் கூடிய துணைவில்லைகளும் இப்பொழுது கிடைக்கின்றன. பெட்டியைத் திறவாமலே பெரிதையும் சிறிதையும் மாறி மாறி எடுக்க அவை உதவும். வாங்க முற்படுவோர் முதலிலே தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நன்று: 'நாம் எதனைக் காண விரும்புகின்றோம்?' விடை கிடைத்தால் வில்லை தானே தெரியவரும்.

எல்லாவற்றிற்கும் முன்னே நீந்தப் பழக வேண்டும். மிதப்பங்கி அணிய வேண்டும். தனியே இறங்குதல் ஒருபோதும் ஆகாது. கமராவைக் கையிலெடுக்கு முன் ஒரு நாளாவது வெறுங் கையுடன் மிதந்து, முருகையைத் தொடாமலும் மிதியாமலும் உடலைச் சமன் செய்யப் பழகுதல் வேண்டும். நெருங்கு என்பது நீரின் விதி. தொடாதே என்பது முருகையின் விதி. இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள ஒரு முழ இடைவெளியில் அசையாது நிற்கக் கற்றவருக்கு எந்த வில்லையும் பணிந்து வேலை செய்யும்.

அடுத்த விடுமுறைக்குத் திருகோணமலை செல்லும் குடும்பத்தினர் கோணேசரைத் தரிசித்தபின் ஒரு காலைப் பொழுதை நிலாவெளிக்கு ஒதுக்குவாராக. பிள்ளைகள் கடலைக் கரையிலிருந்து மட்டும் அறிந்து வளர்தல் தீவில் வாழும் நமக்கு அழகன்று. அவர்கள் கொண்டு வரும் படம் சற்று மங்கலாயிருந்தாலும் குற்றமில்லை. படத்தின் பின்புறத்தில் நாளையும் இடத்தையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டுகளின் பின் அதன் பெறுமதி தெரியும்.